உதட்டில் தெரிந்த சொல்

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் எங்கள் பாடசாலைக்குப் புதிய பெட்டிகள் சில வந்திறங்கின. உள்ளே செவிக்கருவிகள், நிறப்படங்கள், ஒலிவாங்கிகள். அவற்றைப் பிரித்து அடுக்குகிற நாளில் இளம் ஆசிரியைகள் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர்களில் ஒருத்தி கேட்டாள்:

“சனிக்கிழமையிலை தாய்தேப்பன்மாரைக் கூப்பிட்டு வகுப்பு வைக்கிறமே, அதை ஆர் ரீச்சர் தொடங்கினது? மேலிடத்திலையிருந்து உத்தரவு வந்ததோ?”

“இல்லைப் பிள்ளை. குருநகர்ப் பிள்ளை ஒண்டு முதல் நன்மை எடுக்கப் போனதாலை வந்தது.”

கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற சடங்குக்கும் இதுக்கும் என்ன தொடர்பு, நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். பெட்டிகளைப் பிரிக்கிற அவசரத்தில் அங்கே முழுவதையும் சொல்ல முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்க நான் சேர்ந்தது 1956இல். சுன்னாகத்தில் வெங்காய வியாபாரம் செய்த அப்பாவுக்கு நான் சாதாரணப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பிக்க வேண்டும் என்றுதான் ஆசை. எனக்கும் அதுதான் ஆசை. அந்த வேலை கிடைக்கவில்லை, இது கிடைத்தது. கொழும்புப் பக்கம் அனுப்பிப் பயிற்சி தந்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். அங்கே படித்த எழுத்தொலிகளை ஊருக்கு வந்து தமிழுக்கு நாங்களேதான் மாற்றிக்கொண்டோம். பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு.

ஒரு பிள்ளைக்கு ஒலி பழக்குவதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பிள்ளையும் நானும் பெரிய கண்ணாடிக்கு முன்னால் வெளிச்சம் முகத்தில் விழும்படி பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். ‘ப’ சொல்லும்போது வாய்க்கு முன்னால் பிடித்த கடதாசித் துண்டு அசையும். ‘ம’ சொல்லும்போது அசையாது. ஆனால் மூக்கின் பக்கவாட்டில் விரலை வைத்தால் அதிர்வு தெரியும். உதட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உங்கள் காதைப் பொத்திக்கொண்டு, யாரையாவது சத்தமில்லாமல் ‘அம்மா’ என்றும் ‘அப்பா’ என்றும் சொல்லச் சொல்லிப் பாருங்கள். எது எது என்று உங்களால் சொல்ல முடியாது. அந்த ஒரு விரல் வித்தியாசத்தைப் பிடிக்கச் சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்காகும்.

சாமான்கள் என்று பார்த்தால் கண்ணாடி, கடதாசி, மெழுகுதிரி, ஊதுபலூன். மேசையில் வைத்துப் பல பிள்ளைகளுக்கு ஒரேநேரத்தில் மாட்டக்கூடிய ஒலிபெருக்கி ஒன்று. மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். சில பிள்ளைகளுக்கு மட்டும் தனிச் செவிக்கருவி இருந்தது. தீப்பெட்டியிலும் கொஞ்சம் பெரிதான பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். சட்டையின் நெஞ்சில் துணிப்பை தைத்து அதற்குள் வைப்போம். வயர் அறுந்தால் கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதுதான்.

அதிபர் மிஸ் ஞானமணி. வெள்ளை நூற்சேலை, பின்னால் இறுக்கிக் கட்டிய கொண்டை. அவர் யாரோடு கதைத்தாலும், காது கேட்கிறவர்களோடுகூட, முதலில் யன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும் இடத்தைப் பார்த்து நின்றுகொள்வார். பிறகுதான் வாயைத் திறப்பார். ஒவ்வொரு சொல்லும் உதட்டில் முழுசாக உருவாகி வரும். முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சொல் சொன்னதை நான் கண்டதில்லை. அதனால் அவர் முதுகைத் திருப்பினால் கதை முடிந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

அவருடைய பாடசாலையில் இரண்டு கட்டளைகள். ஒன்று, கையால் கதைக்கக் கூடாது. பேச்சு வகுப்பில் பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன காரணம் இன்றும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

“கையாலை கதைச்சா இந்த வளவுக்குள்ளை நிக்கிற ஆக்களோடை மட்டும்தான் கதைக்கலாம். நாளைக்குச் சந்தையிலை போய் நிண்டு எத்தினை பேரோடை கதைக்கும் பிள்ளை? வாய் வேணும் ரீச்சர்.”

மற்றது, பெற்றார் வகுப்பறைக்குள் வரக் கூடாது. பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். பள்ளித் தவணை தொடங்கக் கொண்டுவந்து விட்டு, முடியக் கூட்டிப்போவார்கள். இடையில் வந்தால் முன் விறாந்தையில் பார்த்துவிட்டுப் போக வேண்டும். வீட்டார் வந்தால் பிள்ளைகள் பழையபடி கைக்கு மாறிவிடுவார்கள் என்பது அவருடைய எண்ணம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பிலோமினா வந்தாள். குருநகர்ப் பிள்ளை. தகப்பன் சூசை கடற்றொழில், தாய் திரேசம்மா கருவாடு போட்டு விற்பவள். பிள்ளைக்கு ஏழு வயது, பிறவியிலேயே காது கேளாது. வீட்டில் அவர்களுக்குள் ஒரு கைப்பாஷை இருந்தது. இறாலுக்கு ஒரு விரல் வளைவு, நண்டுக்கு இரண்டு கையும், அப்பாவுக்குத் தோணியில் தண்டு வலிக்கிற மாதிரி. வந்த அன்றே கைகளைப் பின்னால் கட்டச் சொன்னோம். கட்டிக்கொண்டு, அறையில் இருந்த எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் பார்ப்பதில் அவளைப் போல ஒரு பிள்ளையை நான் பிறகும் காணவில்லை. வாய்தான் வரவில்லை.

முதல் வருட முடிவில் தாய் கூட்டிப்போக வந்தபோது, விறாந்தையில் வைத்து, “அம்மாவைக் கூப்பிடு” என்றேன். பிலோமினா மூச்சை இழுத்துப் பெரிய சத்தமாக, “அப்பா” என்றாள்.

திரேசம்மா என்னைப் பார்த்தாள்.

“அப்பர் ஏன் வரேல்லை எண்டு கேக்கிறாளோ?”

“இல்லை, உங்களைத்தான் கூப்பிடுறாள். மூக்கிலை விரல் வைக்க மறந்திட்டாள். ரெண்டும் உதட்டிலை ஒரே மாதிரி.”

“சரி, சத்தமாவது வந்துதே,” என்று சொல்லி மகளின் தலையைத் தடவினாள். பிறகு தன் மூக்கில் விரலை வைத்து ‘அம்மா’ என்று தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு படியிறங்கினாள். அடுத்த தவணை தொடங்கும்போது பிள்ளை ‘அம்மா’ என்று சரியாகச் சொன்னாள். தாய் வீட்டில் பழக்கியிருக்கிறாள் என்பது தெரிந்தது. பெற்றாரை ஏன் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று எனக்கு முதன்முதலில் ஒரு கேள்வி வந்தது அன்றுதான். யாரிடமும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் தவணை நடுவில் திரேசம்மா வந்தாள். விறாந்தையில் நின்றபடியே சொன்னாள்.

“ரீச்சர், இவளின்ரை வயசுப் பிள்ளையள் எல்லாம் வாற வருசம் முதல் நன்மை எடுக்கினம். அதுக்கு முதல் பங்குச் சுவாமியாரிட்டைத் தாங்கள் செய்த பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யோணும். பாவம் எண்டா என்னெண்டு பிள்ளைக்குத் தெரியோணுமாம்.”

“சுவாமியாருக்கு இவளைப் பற்றித் தெரியுந்தானே?”

“தெரியும். இப்பிடிப்பட்ட பிள்ளை பாவமே செய்யாது, உனக்கேன் கவலை எண்டுறார். எனக்கு அது காணாது ரீச்சர். மற்றதுகள் வெள்ளைச் சட்டை போட்டு வரிசையிலை போக, நான் இவளைக் கோயில் வாங்கிலை இருத்தி வைச்சுக்கொண்டு பாக்கிறதோ? உங்களாலை ஏலாட்டிச் சொல்லுங்கோ, கூட்டிக்கொண்டு போறன். என்னோடை இருந்து கருவாடு காயப்போடவாவது பழகட்டும்.”

அவள் வெருட்டவில்லை. யோசித்து முடித்துவிட்டு வந்திருந்தாள். அந்தப் பிள்ளை திரும்பிப் போனால் பிறகு வாயும் இல்லை, எழுத்தும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதிபரிடம் போனேன். யன்னல் பக்கம் வந்து நின்றார்.

“நீங்கள் சைவம். நான் கிறிஸ்தவம் எண்டாலும் அவையின்ரை கத்தோலிக்க சபை இல்லை. பள்ளிக்கூட நேரத்திலை இதுக்கு இடமில்லை ரீச்சர்.”

“சனிக்கிழமை பின்னேரம் படிப்பிக்கட்டோ?”

“அது உங்கடை நேரம். ஆனா வாயாலை மட்டும்.” திரும்பிவிட்டார்.

திரேசம்மா தந்த சின்ன ஞானோபதேசப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, திருநீறு பூசிய நெற்றியோடு நான் பிலோமினாவுக்குப் படிப்பிக்கத் தொடங்கினேன். கடவுள், ஆத்துமா எல்லாம் பிறகு பார்க்கலாம் என்று முதலில் ‘பாவம்’ என்ற சொல்லை எடுத்தேன். ப, வ, ம, மூன்றும் உதட்டில் உருவாகிற எழுத்துகள். உதட்டைப் பார்த்துப் பிடிக்க அதைப் போல இலேசான சொல் தமிழில் குறைவு. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளை தின்ன வைத்திருந்த பணிசைத் திருடுகிற மாதிரிப் படம் கீறி, அதைக் காட்டி, “பாவம்” என்றேன்.

பிலோமினாவின் முகம் மலர்ந்தது. தலையை ஒரு பக்கம் சரித்தாள். தன் காதைத் தொட்டாள், பிறகு நெஞ்சைத் தொட்டாள்.

நான் பூரித்துப்போனேன். முதல் நாளே பிடித்துவிட்டாள், அதுவும் தன்னிடம் பாவம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறாள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் அப்படியே. எந்தப் படத்தைக் காட்டிச் சொன்னாலும் காதையும் நெஞ்சையும் தொடுவாள். சுவாமியாரிடம் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று திரேசம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன்.

கோயிலுக்குப் பக்கத்தில் சுவாமியார் தங்கும் அறைவீட்டுக்கு மூவருமாகப் போனோம். சுவாமியார் வயதானவர், நெஞ்சுவரை தாடி. நல்ல மனிதர். கதிரை இழுத்துப் போட்டு எங்களை இருத்தினார். பிள்ளையைப் பார்த்தார். அவருடைய தலை ஒரு பக்கம் சரிந்தது.

“பாவம்,” என்றார்.

பிலோமினா உடனே என்னைத் திரும்பிப் பார்த்தாள். தெரிந்த சொல் வந்துவிட்ட சந்தோசம். தலையைச் சரித்து, காதைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று காலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசி, பிள்ளைக்குக் காது கேளாது என்று தெரிந்ததும் தலையைச் சரித்து அதே சொல்லைச் சொன்னாள். பெரியகடையில் இறங்கியபோது ஒரு கடைக்காரர் சொன்னார். பிறந்த நாள் முதல் அவளைக் கண்ட ஒவ்வொரு முகமும் அதைத்தான் சொல்லியிருக்கிறது. அவளுக்கு அந்தச் சொல்லை நான் படிப்பிக்கவில்லை. என்னிடம் வருவதற்கு முன்னரே அவளுக்குத் தெரிந்திருந்த ஒரே சொல் அது. கேளாத காது, அதையுடைய நான் என்பதுதான் அதன் பொருள்.

“என்ன சொல்லுறாள் பிள்ளை?” என்று சுவாமியார் கேட்டார்.

சொன்னேன். சொல்லச் சொல்லத் திரேசம்மா குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவாமியார் தாடியிலிருந்து கையை எடுத்தார்.

“அப்ப நானும் அதைத்தான் சொல்லிப்போட்டன்.”

“எல்லாரும் சொல்லுறதுதான் சுவாமி.”

பிறகு அவர் கேட்டார்: “வேறை சொல் இருக்கோ?”

“பிழை எண்டு பழக்கலாம்.”

“காணும், அது போதும். பிழை எண்டு விளங்கினாக் காணும், அதாலை மற்றவைக்கு நொந்தது எண்டு விளங்கினாக் காணும். மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.”

எழும்பும்போது நான் இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நேரேயே கேட்டேன். “சுவாமி, அவள் உதட்டைப் பாத்துத்தான் விளங்குவாள். உங்கடை உதடு அவளுக்குத் தெரியாது.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டு, “யோசிப்பம்,” என்றார்.

பிழை என்பதைப் படம் கீறிப் படிப்பிக்க முடியாது என்று எனக்கு விளங்கிவிட்டது. அவளுடைய சொந்தப் பிழை ஒன்று வேண்டும். அது இருந்தது. சில நாட்களுக்கு முன் ஊஞ்சலுக்குச் சண்டை பிடித்து, சரோஜா என்ற பிள்ளையின் செவிக்கருவி வயரைப் பிலோமினா இழுத்து அறுத்திருந்தாள். கருவி கொழும்புக்குப் போயிருந்தது.

அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? ‘நீ இழுத்தாய், அதனால் அவளுக்கு இப்போது சத்தம் இல்லை, அவள் அழுதாள், நீ ஒளித்தாய்.’ இதில் அவளுக்குத் தெரிந்த வாய்ச்சொல் இரண்டுகூட இல்லை. நான் எழுந்து கதவைப் பார்த்தேன். பிறகு என் கைகளை எடுத்தேன். இழுத்தேன், அறுத்தேன், காதைப் பொத்தினேன், அழுதேன், ஒளித்தேன். அவளுடைய வீட்டுக் கைப்பாஷையில் எனக்குத் தெரிந்ததையும் கலந்துகொண்டேன். முடிவில் “பிழை” என்று வாயால் சொன்னேன்.

அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வெளியே போனாள். விடுதிப் பக்கம் போய்ச் சரோஜாவைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தாள். தன் சட்டைப் பையிலிருந்த செவிக்கருவியைக் கழற்றிச் சரோஜாவின் காதில் வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “பியை” என்றாள். ழகரம் வரவில்லை. மற்றதெல்லாம் வந்திருந்தது.

நான் நிமிர்ந்தபோது வாசலில் மிஸ் ஞானமணி நின்றார். பிலோமினாவுக்குச் ‘சரி’ என்று காட்ட எடுத்த என் கைகள் அந்தரத்தில் நின்றன. அவர் உள்ளே வந்து யன்னலருகே போய் நின்றார்.

“எவ்வளவு காலமாய் உது நடக்குது?”

“இண்டைக்குத்தான் மிஸ்.”

“ஏன்?”

அறைவீட்டில் நடந்ததைச் சொன்னேன். காதையும் நெஞ்சையும் தொட்டுக் காட்டினேன். வகுப்பறையில் ஒருநாளும் இருக்காதவர், பிள்ளைகளின் சின்ன வாங்கு ஒன்றில் இருந்தார்.

“இவளைச் சேர்த்த அண்டைக்கு விறாந்தையிலை வைச்சு நானும் சொன்னனான்,” என்றார். “பாவம், நல்ல வடிவான பிள்ளை எண்டு. அவள் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவள்.”

அவர் எழும்பி மறுபடி யன்னலருகே போனார்.

“கையைப் பற்றிப் பிறகு கதைப்பம் ரீச்சர். அதிலை என்ரை எண்ணம் மாறேல்லை. ஆனா இந்த வளவுக்குள்ளை பிள்ளையளின்ரை முகத்தைப் பாத்து ஒருத்தரும் அந்தச் சொல்லைச் சொல்லப்படாது. விடுதி மேற்றனும் இல்லை, பார்க்க வாற பெரிய மனுசரும் இல்லை.” பிறகு கொஞ்சம் யோசித்து, “தாய்தேப்பனுக்கு ஆர் சொல்லுறது? அவையையும் கூப்பிடத்தான் வேணும்,” என்றார்.

அப்படித்தான் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. முதல் தடவை வந்தது ஒரு கைப்பிடி ஆட்கள். திரேசம்மா, அளவெட்டியிலிருந்து ஒரு தோட்டக்காரரும் மனைவியும், இன்னும் சிலர். விறாந்தையைத் தாண்டி அவர்கள் வகுப்பறைக்குள் வந்து கண்ணாடிக்கு முன்னால் இருந்தார்கள். வெளிச்சத்தில் நின்று கதைக்க, பின்னாலிருந்து கூப்பிடாமல் இருக்க, மூக்கில் விரல் வைத்து ‘ம’ பழக்க, வியர்வை படாமல் செவிக்கருவியைத் துடைத்து வைக்கச் சொல்லிக்கொடுத்தோம். அந்தச் சொல்லைப் பற்றி அதிபரே கதைத்தார். அளவெட்டித் தோட்டக்காரர் எழுந்து, “நாங்கள் அன்பிலைதானே சொல்லுறம் மிஸ்?” என்றார். “ஓம், அன்பிலைதான். அதுதான் இவ்வளவு ஆழமாய்ப் பதிஞ்சு கிடக்குது,” என்றார் அவர்.

வாய்ப்பேச்சில் அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் பெற்றாரும் பிள்ளைகளும் கையால் கதைத்தால் அவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அதை அனுமதி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். எழுபதுகளில் பற்றறி இறக்குமதி தடைப்பட்டுச் செவிக்கருவிகள் சும்மா கிடந்த காலத்தில், பிள்ளைகளைப் பாடசாலையில் பிடித்து வைத்திருந்தது அந்தச் சனிக்கிழமைகள்தான். பிலோமினா பாடசாலையில் தையல் பழகினாள். இன்று குருநகரில் சொந்தமாக மெசின் வைத்துச் சட்டை தைக்கிறாள். வாயால் கொஞ்சம், கையால் மிச்சம், எழுதியும் கதைப்பாள். வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள்.

இனி முதல் நன்மைக்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

இருட்டான பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் பிலோமினாவுக்கு ஒன்றும் தெரியாது. பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், யன்னலைத் திறந்து வைத்துக் கேட்கிறேன் என்று சுவாமியார் சொன்னார். அவள் சொல்வதை விளக்க நானும் உள்ளே வரலாம், வெளியில் சொல்லாமல் இருந்தால் போதும் என்றார். நான் மறுத்துவிட்டேன். நான் நின்றால் அவள் எனக்குத்தான் சொல்வாள், அவருக்குச் சொல்ல மாட்டாள். தான் செய்த பிழைகளைப் படமாகக் கீறிக் காட்டும்படி ஒரு சிலேற்றையும் பென்சிலையும் கொடுத்து விட்டோம். என்ன கீறுவது என்று நான் பழக்கவில்லை.

சுவாமியார் வாசலில் வந்து நின்றபோது திரேசம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மீசையை ஒட்ட வெட்டி, தாடியை நாடியோடு குறைத்திருந்தார். அவருடைய உதடு மெல்லியது என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. பிள்ளையைப் பார்த்து, “வா மகள்,” என்று உதட்டை நன்றாகத் திறந்து சொன்னார். கதவைச் சாத்தினார்.

நாங்கள் இருவரும் வெளிப்படியில் இருந்தோம். கடற்காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து சிலேற்றுப் பென்சில் கீச்சிடும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

கதவு திறந்தது. பிலோமினா சிலேற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. பின்னால் சுவாமியார், கையில் ஈரத்துணி. அவள் கீறியதையெல்லாம் பார்த்துவிட்டு, அவள் கண்முன்னாலேயே அழித்து, வெறும் சிலேற்றை அவளிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார். மன்னிப்பு என்பதற்கு அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

“நல்லாச் சொன்னவள்,” என்றார் எங்களிடம். வேறொன்றும் சொல்லவில்லை.

திரேசம்மா படியில் இருந்தபடியே மகளிடம் கையால் கேட்டாள், என்ன கீறினாய் என்று. பிலோமினா தாயைப் பார்த்தாள். தலையை ஆட்டி மறுத்தாள். வாயைப் பூட்டுகிற மாதிரி விரலால் காட்டி, சிலேற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

திரேசம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியுமோ ரீச்சர்?”

“தெரியாது.”

அவள் மறுபடி மகளைப் பார்த்தாள்.

“இவளுக்கு வயித்துக்குத்து எண்டாலும், பயம் எண்டாலும், கோவம் எண்டாலும் நான்தான் ஊருக்குச் சொன்னனான். எனக்குத் தெரியாத ஒண்டு இவளிட்டை இருந்ததே இல்லை.”

பிறகு எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

“இருக்கட்டும்,” என்றாள். மறுபடி கேட்காமல், மகளை முன்னால் நடக்க விட்டு, அவளுக்குப் பின்னால் போனாள்.